ஐந்தாம் கிரேடோடு நின்ற பிள்ளை: ஒரு பியானோ மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பு ஒரே ஒரு மாணவியைப் பற்றியது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த பிள்ளை. ஏழு வயதில் பியானோ தொடங்கி, வருடத்துக்கு ஒரு பரீட்சைக் கிரேடு என்று ஏறி, 2021இல் ஐந்தாம் கிரேடு சித்தியடைந்து, அதோடு நின்றுவிட்டாள். 2023 தொடக்கத்தில் அம்மா அவளை ஹட்டனுக்கு, என்னிடம் அழைத்து வந்தபோது வயது 13. பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களையும் விட்டிருக்கிறேன்.

மலையகத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவர் கண்டதை மற்றவர் அறிய வழியில்லை. இடையில் நின்றுபோகும் பிள்ளைகளோ எல்லோரிடமும் இருக்கிறார்கள், அதுவும் சரியாக ஐந்தாம் கிரேடுக்குப் பக்கத்தில். அதனால்தான் இந்த ஒரு பிள்ளையின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்மா தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் தம்பி ஒருவன். பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அப்பாயி, அப்பாவின் அம்மா. ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். அம்மா சொன்னது இதுதான்: “டீச்சர், கையில திறமை இருக்கு. மனசுதான் இல்ல. கிளாஸுக்குக் கிளம்பச் சொன்னாலே வயித்து வலி வந்துருது.”

முதல் வகுப்புகளில் கண்டது

புத்தகம் எதையும் திறக்கவில்லை. “உனக்குப் பிடிச்சது ஏதாவது வாசி” என்றேன். “எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டாள். பக்கம் இல்லை, நீயாக ஏதாவது வாசி என்றதும் கைகளைக் கீகளின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். கடைசியில் ஐந்தாம் கிரேடுக்கு வாசித்ததில் ஒன்றைத் தொடங்கினாள். விரல் நன்றாகப் பழகியிருந்தது, சத்தமும் சீராக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. அங்கிருந்து தொடர முடியவில்லை, மறுபடி முதல் பாரிலிருந்துதான் (பார் என்றால் தாளக் கட்டம்) வர வேண்டியிருந்தது. மீண்டும் அதே இடத்தில் தடுக்கியது.

அடுத்த வகுப்பில், அவள் பார்த்தே இராத எட்டு பார்களை முன்னால் வைத்தேன். இரண்டாம் கிரேடு அளவுதான். வலது கை மட்டும் வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு நோட்டாக (ஸ்வரமாக) எழுத்துக்கூட்டினாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்து மூன்றாவது பாரோடு நிறுத்திவிட்டேன்.

காது வேறு கதை. அவளுடைய பாடலையே நான் வாசித்து, வேண்டுமென்றே ஒரு நோட்டைப் பிசகியபோது சட்டென்று தலை திரும்பியது. ஒரே தடவை கேட்ட மெட்டை அப்படியே முனகினாள். ஆக, காது கூர்மை, விரல் நல்லது, கண் பலவீனம், தனக்கென்று வாசிக்க ஒரு பாட்டுக்கூட இல்லை. “மனசு இல்ல” என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் கிடந்தது. ஒரு பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று பெற்றோர் சொல்லும்போது, அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எப்படி இந்த நிலைக்கு வந்தாள்?

இலங்கையில் பியானோ பிள்ளைகள் தோற்றும் வெளிநாட்டுப் பரீட்சைகளில் பெரியவை இரண்டு: 1889இல் தொடங்கிய பிரிட்டிஷ் சபையான ஏபிஆர்எஸ்எம், 1877 முதல் பரீட்சை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன். இவள் போனது முதலாவது வழியில். அதன் வழக்கமான செய்முறைப் பரீட்சையில் மூன்று பாடல்களுக்குத் தலா 30 புள்ளி, ஸ்கேல்களுக்கு (ஸ்வர வரிசைகளுக்கு) 21, முன்பின் பார்க்காததை வாசிப்பதற்கு (சைட் ரீடிங்) 21, காதுப் பயிற்சிக்கு 18. மொத்தம் 150. 100 எடுத்தால் சித்தி, 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகச் சித்தியடையத் தேவையில்லை. எனவே வாசிப்பில் போனதைப் பாடல்களில் பிடித்துக்கொள்ளலாம்.

கொரோனா காலத்தில், 2020இல், இன்னொரு வழியும் திறந்தது. நான்கு பாடல்களை இடைவிடாமல் வாசித்து, ஒரே வீடியோவாக அனுப்பலாம். அதில் ஸ்கேல் கிடையாது, சைட் ரீடிங் கிடையாது. ஊர் முடங்கிக் கிடந்த நேரத்தில் பிள்ளைகளின் படிப்பு விட்டுப்போகாமல் காப்பாற்றிய ஏற்பாடு அது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இவள் விஷயத்தில், நான்காம் கிரேடும் ஐந்தாம் கிரேடும் அப்படியே போயின. இரண்டு வருடத்தில் எட்டுப் பாடல். அதைத் தவிர ஒன்றுமே வாசிக்கவில்லை. ஒரு பாடசாலைப் பிள்ளை இரண்டு வருடத்தில் எட்டுப் பக்கம் மட்டும் படித்து, அதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தால் வாசிப்பு எப்படி வரும்?

அப்புறம் ஆறாம் கிரேடு. அதற்குப் போக ஐந்தாம் கிரேடு தியரி சித்தி வேண்டும். தியரியை அவள் படித்தது கொப்பியிலும் பயிற்சிப் புத்தகத்திலும் மட்டும், பியானோவைத் தொடாமல். மாதக்கணக்காக இன்டர்வல் (இரண்டு நோட்டுக்கு இடையிலான தூரம்) எண்ணியிருக்கிறாள், எண்ணியது எதையும் காதால் கேட்டதில்லை.

அதே நேரத்தில்தான் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. பவுணும் அப்படித்தான். பரீட்சைக் கட்டணம் பவுணில் கணக்குப் பார்ப்பது. வீட்டில் அந்தப் பேச்சு நடக்கும்போது பிள்ளை பக்கத்தில் இருந்தாள். “இவ்வளவு காசு கட்டுறோம், நீ உக்காந்து வாசிக்க மாட்டேங்குற” என்பதை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ தெரியாது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வீட்டில் இருந்தது மின்சாரக் கீபோர்ட். வாசிக்க வேண்டிய நேரத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த நேரத்தில் பாடசாலை வீட்டுவேலை. ஒரு மாதம் விட்டால் விரல் மறக்கும். மறந்த விரலோடு உட்காரப் பிள்ளைக்கு வெட்கம்.

இத்தனையும் சேர்ந்துதான் அந்த வயிற்று வலி.

ஈரமும் பியானோவும்

என் வகுப்பறையில் இருப்பது பழைய இங்கிலாந்து அப்ரைட் பியானோ. ஏதோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. மலையகத்தில் இப்படிப் பல பியானோக்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நோய், ஈரம். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வட்டவளை, ஹட்டன் பக்கம் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். கீயை அழுத்தினால் கீழே போகும், மேலே வராது. சவுண்ட்போர்ட் (ஒலிப்பலகை) புடைத்துச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். கம்பியில் துரு. ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும். இதற்கு நாங்கள் செய்வது, கீழ்ப் பலகைக்கு உள்ளே குறைந்த வாட் குண்டு பல்ப் ஒன்றை, எதிலும் படாமல், எரியவிடுவது. சின்னச் சூடு போதும்.

அந்த ஜூனில், வகுப்பு நடுவே மேல் வரிசை கீ ஒன்று இறுகி நின்றுவிட்டது. பிள்ளை கையை எடுத்துக்கொண்டு, தான்தான் உடைத்துவிட்டோமோ என்று பார்த்தாள். முன்பலகையைக் கழற்றி அவளை எட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆறு வருடம் பியானோவோடு பழக்கம், உள்ளே பார்த்தது அன்றுதான். ஒரு கீயை மெதுவாக அழுத்தச் சொன்னேன். டாம்பர் கம்பியை விட்டு விலகுகிறது, ஹாமர் எழும்பிக் கம்பியை அடித்துவிட்டு உடனே பின்வாங்குகிறது, விரலை எடுத்ததும் டாம்பர் வந்து சத்தத்தை அணைக்கிறது. இன்னும் மெதுவாக அழுத்தினால் ஹாமர் கம்பி வரை போகாமலே திரும்பிவிடும், சத்தமே வராது. அவள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அன்று பாடம் அதோடு சரி.

“அப்ப இது அடிக்கிற வாத்தியம்தானே டீச்சர்? தப்பு மேளம் மாதிரி.”

சுமார் 1700இல் இத்தாலியில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி கண்டுபிடித்தது இந்த அடிதான் என்று சொன்னேன். அதற்கு முந்திய ஹார்ப்சிகார்டில் கம்பியைச் சுண்டும், எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மெல்லவும் பலமாகவும் வாசிக்க முடிந்ததே பியானோவின் புதுமை.

பல்பைப் பார்த்துவிட்டு அவள் இன்னொன்று சொன்னாள். அவளுடைய தாய்மாமா தோட்டத்தில் தப்படிப்பவர், மாசியில் காமன் கூத்துக்கு முன்னால் நிற்பவர். பனியில் தப்பின் தோல் தொய்ந்துபோகும், வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அதில் காய்ச்சினால்தான் சத்தம் நிமிரும். “மாமா நெருப்புல காட்டுவாங்க, நீங்க பல்பு போடுறீங்க.” அவள் வாயிலிருந்து இசையைப் பற்றித் தானாக வந்த முதல் பேச்சு அதுதான். இந்தப் பிள்ளையிடம் இசை நிறைய இருக்கிறது, அது பியானோ வகுப்புக்கு வெளியே நிற்கிறது என்று அன்று விளங்கியது.

அப்பாயியின் பாட்டு

வீட்டில் யார் பாடுவார்கள் என்று கேட்டேன். அப்பாயி. என்ன பாட்டு? தம்பியைத் தூங்கவைக்கப் பாடினது. முனகச் சொன்னேன். தயங்கித் தயங்கி முனகினாள். அதைப் பியானோவில் தேடச் சொன்னேன், டி நோட்டில் தொடங்கி. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், ஆள் பக்கத்தில் இருந்தால் தேட மாட்டாள்.

ஐந்தே நோட்டுக்குள் அடங்கிய மெட்டு: டி, ஈ, எஃப், ஜி, ஏ. வலது கை சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. இடது கைக்கு என்ன போடுவது என்பதில்தான் வேலை. அவளுக்குத் தெரிந்த கோர்ட்களை (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் நோட்டுகளை) வைத்துப் பார்த்தாள். பாரமாக இருந்தது. “இது கரோல் மாதிரி ஆயிருச்சு டீச்சர், அப்பாயி மாதிரி இல்ல.” ரொம்பச் சரியான கணிப்பு. மாறி மாறி வரும் மேலைத்தேயக் கோர்ட்களுக்காகப் பிறந்த மெட்டு அல்ல அது. தம்புராவில் எது கேட்கும் என்று கேட்டேன். பாடசாலையில் அவளுக்கு அழகியல் பாடம் கர்நாடக சங்கீதம். ஸ, ப என்றாள். ஸ-வாக டி-யையும் ப-வாக ஏ-யையும் கீழே சேர்த்துப் பிடித்து, மேலே மெட்டை வாசித்தாள். பொருந்திவிட்டது.

அவளுக்கு இதில் இன்னொரு கதவும் திறந்தது. சரளி வரிசை படிக்கும் மாயாமாளவகௌளையை சி-யிலிருந்து பியானோவில் போட்டுக் காட்டினேன்: சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. சங்கராபரணம் என்றால் அவள் வருடக்கணக்காக வாசித்த மேஜர் ஸ்கேல். கீரவாணி என்றால் ஹார்மோனிக் மைனர். மைனர் ஸ்கேல் என்றாலே முகம் சுளித்த பிள்ளை கீரவாணியைப் பாடிக்கொண்டே வாசித்தாள்.

காந்தாரத்தில் அப்பாயி ஒரு அசைவு கொடுப்பார். பியானோவில் நோட்டை வளைக்க முடியாது, ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஈ-யை மிகச் சுருக்கமாகத் தட்டி எஃப்-இல் விழச் சொன்னேன். இப்படி ஒட்டி வரும் சிறு நோட்டு அவளுடைய நான்காம் கிரேடு பாடலிலேயே இருந்தது. அது எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போனில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வகுப்புக்கு வந்தபோது கொப்பியில் எழுதி வந்திருந்தாள், அப்பாயி சொன்ன திருத்தம். இரண்டாம் வரியின் கடைசியில் உடனே இறங்கக்கூடாதாம், இழுத்து நிற்க வேண்டுமாம். “‘பிள்ள தூங்குற நேரத்துல என்னா அவசரம்’னு கேட்டாங்க.” நான் இத்தனை வருடம் ஃபிரேசிங் (இசை வரியை எங்கே இழுத்து எங்கே விடுவது) பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னதைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்லிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் வாசித்திருக்கிறாள் என்பதைக் கையே காட்டியது. யாரும் சொல்லி வாசித்ததில்லை. கேட்க ஒருவர் இருந்தார், திருத்தவும் செய்தார்.

தப்படி பற்றிய பேச்சு

பாட்டு நிலைத்ததும் இடது கையில் தப்படியைக் கொண்டுவர அவளுக்கே ஆசை வந்தது. தப்புக்கு ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. ஒன்று ஆழமாக விழும், மற்றது சுள்ளென்று. கீழ் டி-யைத் தடித்த குச்சிக்கு வைத்தாள், மேலே ஏ-யைச் சிறு குச்சிக்கு. ஆறு எண்ணும் நடை. நன்றாக வந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு முடிந்து வாசலில் நின்று சொன்னார்: “டீச்சர், அப்பாயி பாட்டு சரி. அந்தத் தப்பு வேணாமே. சாவு வீட்டுச் சத்தம்னு நாலு பேர் சொல்லுவாங்க. இதுக்கா இவளைப் பியானோ படிக்க வச்சோம்?”

இந்த இடத்தை லேசாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த அம்மா லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையாக வந்தவர். பியானோ அவருக்குத் தன் பிள்ளை ஏறிப்போகும் ஒரு படி. தப்பு, அந்தப் படியிலிருந்து பிள்ளை இறங்கி வந்துவிட்டதுபோல் அவருக்குத் தெரிகிறது. தப்படிப்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் போகவில்லை, அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) அழைத்ததும் தப்புதான், திருவிழாவுக்கும் கூத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்றதும் தப்புதான். மலையக மக்களின் வாழ்க்கையில் இதைவிட அதிக இடத்தில் ஒலித்த வாத்தியம் வேறு இல்லை. அதை ஒரு பிள்ளை வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டும் என்றால், அவளுடைய தாளத்தில் பாதியை விட்டுவிடச் சொல்வதாகும். ஒரு இசை ஆசிரியையாக அதற்கு நான் துணைபோக முடியாது.

அம்மாவிடம் வாதம் செய்யவில்லை. “உங்க தம்பியை ஒரு நாள் வரச்சொல்லுங்க” என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் பழைய பத்திரிகையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். உள்ளே வந்து, அக்காவின் முன்னால் கொஞ்சம் கூச்சத்தோடு, கூத்து அடிகளை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். ரதி அழும் இடத்துக்கு ஒரு நடை, காமன் எரியும் இடத்துக்கு வேறு நடை. மருமகள் பியானோவில் பின்தொடர்ந்தாள். “அது இல்ல பாப்பா, மூணாவதுல பாரத்தைக் கொறை” என்று அவர் திருத்தினார். அம்மா மூலையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாட்டுப்பாட்டைப் பியானோவில் வாசிப்பது தரம் குறைந்த வேலை என்று நினைப்பவர்களுக்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கை நான் காட்டுவேன். அவரும் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான கோடாயும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகு உருளை ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்க் குடியானவர் பாட்டைச் சேகரித்தார்கள். 1908, 1909 ஆண்டுகளில் ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப்பாட்டுகளை வைத்தே பிள்ளைகளுக்கான சிறு பியானோத் துண்டுகளைப் பார்ட்டோக் எழுதினார். அதில் ஒன்றை இவளுக்குக் கொடுத்தேன். வாசிப்புக்குப் பயந்த பிள்ளை இரண்டு வாரத்தில் தானே எழுத்துக்கூட்டி முடித்துவிட்டாள். இடது கைக்கு அவர் என்ன போட்டார் என்று பார்க்கும் அவசரம் அவளுக்கு. அதே சிக்கலில் அவளும் இருந்தாளே!

சர்டிபிகேட்

“இதுக்கு சர்டிபிகேட் ஏதாவது கிடைக்குமா டீச்சர்?” அம்மா இதையும் கேட்டார். நியாயமான கேள்வி. கையில் ஒரு தாள் இருந்தால்தான் நாலு இடத்தில் மதிப்பு என்பதைத் தோட்டத்துக் குடும்பங்கள் பட்டு அறிந்தவை.

அவருக்கு நான் சொன்னது 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு. வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் அழகான சர்டிபிகேட் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. பிறகு ஓரிரு வாரம் கழித்து, பிள்ளைகள் விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் கவனித்தார்கள். முன்கூட்டியே வாக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் கொடுத்த குழுவுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. சர்டிபிகேட் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எதற்காக வரைகிறோம் என்ற எண்ணத்தில், முன்கூட்டி வந்த வாக்குறுதி போய் உட்கார்ந்துகொள்கிறது.

இவள் ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் ஒரு கிரேடுக்காகவே தொட்டவள். எனவே அம்மாவும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பிள்ளை தானாகக் கேட்கும் வரை பரீட்சைப் பேச்சை எடுப்பதில்லை. காசுப் பேச்சை அவள் காதில் போடுவதில்லை. இரண்டாவது கஷ்டம், ஆனாலும் அம்மா காப்பாற்றினார். கொழும்பிலிருந்து அப்பா போன் பண்ணி “அடுத்த கிரேடு எப்ப?” என்று கேட்டபோதெல்லாம் அம்மாவே சமாளித்தார்.

வகுப்பு எப்படி நடந்தது

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் காதால் பிடித்த ஏதாவது ஒன்று. அடுத்து, நானும் அவளும் ஒரே பியானோவில் நாலு கையாக, முதலாம் கிரேடு அளவிலான எளிய டூயட். வாசிப்பு வளர்வதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான். பக்கத்தில் இன்னொருவர் போய்க்கொண்டிருக்கும்போது பிழையைத் திருத்த நிற்க முடியாது. தவறினாலும் அடுத்த பாரில் ஏறிக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் துணிச்சல்தான்.

நடுவில் தடுக்கினால் முதலுக்கு ஓடும் பழக்கத்துக்கு வேறு மருந்து. பாடலில் ஆறேழு இடங்களில் பென்சிலால் எண் போட்டோம். நான் “நாலு” என்றால் நாலிலிருந்து, “ஆறு” என்றால் ஆறிலிருந்து. புதுப் பாட்டுகளைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்தோம். அப்படிப் படித்தால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போவோம். முன்னால் இருந்து படித்தால் தெரியாத இடத்துக்குப் போவோம், அங்கே பயம் வரும்.

தியரி தனியாக நடக்கவில்லை. அப்பாயி பாட்டை எழுத வேண்டுமே! ஆறு எண்ணுவதால் 6/8, இழுத்து நிற்கும் இடத்துக்கு டை (நோட்டுகளை இணைக்கும் வளைகோடு), மெட்டு டி-யில் நின்றாலும் ஃபிளாட் எதுவும் போடாதது ஏன் என்ற கேள்வி. எழுத எழுதப் பாதித் தியரி கைக்கு வந்தது.

வீட்டுக் கீபோர்டில் 61 கீதான், பியானோவில் 88. கீழ் நோட்டுகள் சில கிடையாது, கீயில் கனமும் இல்லை. பாடசாலை மண்டபத்தில் ஒரு பியானோ மூடிக் கிடந்தது, சில கீகள் செத்தவை. அதிபரிடம் கேட்டு, பாடசாலை விட்ட பின் பஸ் வரும் வரை வாசிக்க அனுமதி வாங்கினோம். எல்லாமே சரியாகப் போகவில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்தால் அழுவாள். கொஞ்ச காலம் அதை அலமாரியில் வைத்துவிட்டு, மாமாவின் தப்படிப் பதிவோடு ஸ்கேல் வாசிக்கவைத்தேன். மழைக்காலத்தில் றோட்டில் மண் சரிந்து வகுப்புகள் போயின. மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முன் மறுபடி ஒரு சோர்வு வந்தது, அது வந்தபடியே போகட்டும் என்று விட்டேன்.

பிறகு நடந்தவை

2023, இந்தியாவிலிருந்து முதல் தொழிலாளர்கள் இங்கே கொண்டுவரப்பட்ட 1823ஆம் ஆண்டிலிருந்து 200 வருடத்தை மலையகம் நினைவுகூர்ந்த வருடம். ஊரெங்கும் நிகழ்ச்சிகள். அவளுடைய பாடசாலையிலும் ஒன்று நடந்தது. அந்தச் செத்த கீகளைத் தவிர்த்து, ஒரு நோட்டு மேலே ஏற்றி, அப்பாயி பாட்டைத் தப்படியோடு வாசித்தாள். அப்பாயி முன்வரிசையில் இருந்தார். கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ஆயி, இன்னும் கொஞ்சம் மெல்லப் போகலாம்” என்றார்.

அந்த டிசம்பரில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பாடகர் குழுவுக்கு வாசிக்க ஆள் தேடினார்கள். இவளைக் கேட்டார்கள். பாடுபவர்களுக்குப் பின்னால் வாசிப்பது தனியாக வாசிப்பதைவிட வேறு வேலை. அவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும், அவர்கள் ஓடினால் ஓட வேண்டும். குறுகிய காலத்தில் பல கரோல்களை வாசித்துப் பழக வேண்டியிருந்ததால் சைட் ரீடிங் அந்த ஒரு மாதத்தில் ஏறியதுபோல் வேறு எப்போதும் ஏறவில்லை. இந்துப் பிள்ளை கரோலுக்கு வாசிப்பதை யாரும் பெரிதாகவும் எடுக்கவில்லை, எங்கள் பக்கத்தில் அது சாதாரணம்.

அடுத்த வருட நடுவில் அவளே கேட்டாள்: “டீச்சர், ஆறாம் கிரேடுல என்னென்ன பாட்டு இருக்கு?” தியரியை முதலில் முடித்தாள். பரீட்சைக்கு வீடியோ வழி வேண்டாம், நேரில் போகிறேன் என்றாள், சைட் ரீடிங் இருக்கட்டும் என்று. மெரிட்டுக்குச் சில புள்ளி குறைய சித்தி. இடது கை ஸ்கேல் இன்னும் தளர்வு, அதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சாதாரண தர (ஓ-லெவல்) பரீட்சைப் படிப்பு. வகுப்பைக் குறைக்க அம்மா கேட்டார், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டேன். வாசிப்பு நிற்கவில்லை. இப்போது கூத்துப் பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள், ரதி அழும் இடத்தில் என்ன கோர்ட் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

எல்லோருக்கும் இதே வழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இவளுக்குக் காது இருந்தது, பாடும் அப்பாயி இருந்தார், தப்படிக்கும் மாமா இருந்தார். அதே காலத்தில் என்னிடம் படித்த ஒரு பையனிடம் வீட்டுப் பாட்டு என்ன என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். அவனுக்கு வேகம் பிடிக்கும், விரல் பயிற்சிகளை நேரம் பார்த்து வாசிப்பான், போன வாரத்தைவிட எத்தனை செக்கன் குறைந்தது என்று சுவரில் எழுதிவைப்பான். பரீட்சைத் திகதி தெரிந்தால்தான் அவன் கை ஓடும். அவனிடம் பரீட்சைப் பேச்சை நிறுத்தினால் அவன் வருவதையே நிறுத்திவிடுவான். அவனுக்கு மூன்றாம் கிரேடுக்கு விண்ணப்பித்தாயிற்று, இந்தத் தடவை டூயட்டும் உண்டு, அவனோடு வாசிப்பது இவள்தான்.